எரிமலையில் எரிவது எது?

எரிமலை பற்றி மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து இம்முறை நிறையக் கடிதங்கள் வந்திருந்தன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் அவற்றை ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: எரிமலை என்றால் நெருப்பு எரியும் மலை என்று சின்ன வகுப்பில் படித்தேன். உள்ளே எரிவது என்ன? நிலக்கரியா, எண்ணெயா?
– தரம் 10 மாணவி, களுவாஞ்சிகுடி

பதில்: ஒன்றும் எரியவில்லை, மகள். பெயர்தான் எரிமலை. ஒரு பொருள் எரிய வேண்டுமென்றால் காற்றிலுள்ள ஒட்சிசன் வேண்டும். மலையின் அடிவயிற்றில் அதற்கு வழியில்லை. வெளியே வரும் சிவப்புக் குழம்பு உருகிய கல். கொல்லன் பட்டறையில் உலையிலிருந்து எடுத்த இரும்பு சிவந்து ஒளிர்கிறதே, அது எரிவதில்லை, சூட்டில் ஒளிர்கிறது. கல்லும் அப்படித்தான். மேலே எழும் ‘புகை’யும் புகையல்ல. அதில் பெரும்பகுதி நீராவி, மீதி மாவாக நொறுங்கிய கல்.

கருங்கல் நிறத்தில் உறையும் பசோல்ற்றுக் குழம்பு வெளியே வரும்போது 1100 முதல் 1200 பாகை செல்சியஸ் வரை சூடாக இருக்கும். சிலிக்கா, அதாவது மணலிலுள்ள பொருள், கூடிய வெளிறிய குழம்பு 700, 800 பாகையிலேயே வந்துவிடும். சூடு குறைந்த இந்த இரண்டாவது வகைதான் ஆபத்தானது. ஏன் என்பதை அடுத்த பதிலில் பார்க்கலாம்.

இன்னொரு பிழையான எண்ணமும் பலரிடம் இருக்கிறது. பூமியின் மேலோட்டைத் துளைத்தால் உள்ளே கற்குழம்புக் கடல் இருக்கிறது என்பது அது. அப்படி ஒரு கடல் இல்லை. மேலோட்டுக்கும் நடுக்கருவுக்கும் இடையே ஏறத்தாழ 2900 கிலோமீற்றர் ஆழம் வரை இருக்கும் தடித்த படை திண்மப் பாறை. கடுஞ்சூடாக இருந்தும் அது உருகாமல் இருப்பதற்குக் காரணம் மேலிருந்து அழுத்தும் பாரம். பிரஷர் குக்கருக்குள் தண்ணீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் இருப்பதைப் போன்றது இது.

அந்தப் பாறை மூன்று விதமாக உருகும். பூமியின் வெளிப்புறம் பெரிய பாறைத் தட்டுகளாகப் பிரிந்திருக்கிறது. கடலடியில் அவற்றில் இரண்டு விலகும் இடத்தில் கீழிருந்து பாறை மெல்ல மேலெழும். பாரம் குறையக் குறைய அது ஓரளவு உருகும். ஐஸ்லாந்து உட்பட நடுக்கடல் முகடுகளில் நடப்பது இதுதான். இரண்டாவது, ஒரு தட்டு இன்னொன்றின் கீழே செருகும் இடம். அமிழும் தட்டு கடல்நீரைக் கனியங்களுக்குள் கட்டிக்கொண்டு போகிறது. 100 கிலோமீற்றர் ஆழமளவில் அந்த நீர் வெளியேறி மேலுள்ள சூடான பாறைக்குள் புகும். மீன்வாடியில் ஐஸ் மேல் உப்புப் போட்டால் சூடு ஏறாமலே ஐஸ் உருகத் தொடங்குமே, நீர் புகுந்த பாறையும் அப்படித்தான் உருகும். சுமத்திரா, ஜாவா எரிமலைகள் இப்படிப் பிறந்தவை. மூன்றாவது, ஆழத்திலிருந்து எழும் தனிச் சூட்டுத்தம்பம். ஹவாய் இதற்கு உதாரணம்.

உருகிய கல் சுற்றியுள்ள பாறையைவிடப் பாரம் குறைந்தது. அதனால் மேலே ஏறி, சில கிலோமீற்றர் ஆழத்தில் தங்கும். புத்தகங்களில் இதை ‘அறை’ என்று எழுதி முட்டை வடிவில் சிவப்புக் குளம் ஒன்றை வரைந்திருப்பார்கள். உண்மையில் அது பெரும்பாலும் குளமல்ல. சோறு கூடித் தண்ணீர் குறைந்த கஞ்சிப் பானையைப் போல, படிகங்களுக்கிடையே குழம்பு ஊறிக் கிடக்கும் இடம்.

கேள்வி: ஹவாயில் குழம்பு ஆறாக ஓடுகிறது, ஆட்கள் பக்கத்தில் நின்று படம் எடுக்கிறார்கள். பிலிப்பைன்சில் மலையே வெடித்துச் சிதறுகிறது. இரண்டும் எரிமலைதானே, ஏன் இந்த வித்தியாசம்?
– ஆசிரியர், அக்கரைப்பற்று

பதில்: இரண்டு விடயங்கள் இதை முடிவு செய்கின்றன. குழம்பில் எவ்வளவு வாயு கரைந்திருக்கிறது என்பது ஒன்று. அந்தக் குழம்பு எவ்வளவு பிசுபிசுப்பானது என்பது மற்றது.

மூடி திறக்காத சோடாப் போத்தலை உற்றுப் பாருங்கள். ஒரு குமிழியும் தெரியாது. வாயு உள்ளேதான் இருக்கிறது, அழுத்தத்தில் கரைந்து கிடக்கிறது. மூடியைத் திருகியவுடன் அழுத்தம் விழும், குமிழிகள் எங்கிருந்தோ முளைக்கும். ஆழத்திலுள்ள பாறைக்குழம்பும் இப்படித்தான். சிலிக்கா மிகுந்த குழம்பில் எடையில் நூற்றுக்கு 4 முதல் 6 வரை நீர் கரைந்திருக்கக்கூடும். காபனீரொட்சைட்டும் கந்தக வாயுக்களும் கூட இருக்கும். குழம்பு மேலேறும்போது பாரம் குறைகிறது, குமிழி பிறக்கிறது. குமிழி பிறந்ததால் குழம்பு இன்னும் இலேசாகி வேகமாக ஏறுகிறது. ஏறுவதால் குமிழி இன்னும் வீங்குகிறது. ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு போகும் ஓட்டம் இது.

இங்கேதான் பிசுபிசுப்பு குறுக்கே வருகிறது. பசோல்ற்றில் சிலிக்கா 50 வீதம் அளவில்தான். ஓடும் தன்மையில் அது தயிருக்கு ஊற்றும் கித்துள் பாணியைப் போன்றது. குமிழி இலகுவாக மேலே வந்து உடைந்துவிடும், வாயு தப்பிவிடும், குழம்பு வழியும். ஹவாய்க் குழம்பு இந்த வகை. சிலிக்கா 70 வீதத்தைத் தாண்டினால் குழம்பு பாணியைவிடப் பத்து இலட்சம் மடங்குக்கும் மேல் தடித்துவிடும். குமிழி நகர முடியாமல் இருந்த இடத்திலேயே வீங்கும். களி கிண்டுகிறவர்களுக்கு இது தெரியும். தண்ணீராக இருக்கும்வரை சும்மா கொதிக்கும். இறுகத் தொடங்கியதும் ‘பொளக்’ என்று கையில் தெறிக்கும்.

குமிழிகள் மொத்தக் கனவளவில் 70, 75 வீதத்தைப் பிடித்ததும் நுரையின் சுவர்கள் தாங்காமல் கிழியும். அதுவரை வாயுவைச் சுமந்த குழம்பு, அந்தக் கணத்திலிருந்து குழம்புத் துணுக்குகளைச் சுமக்கும் வாயுவாக மாறிவிடும். வெடிப்பு என்பது இதுதான். எரிமலைச் சாம்பலை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் வளைந்த கண்ணாடிச் சில்லுகள் தெரியும். ஒவ்வொரு வளைவும் உடைந்த குமிழி ஒன்றின் சுவர்.

பிலிப்பைன்சின் பினதுபோ 1991 யூன் 15 அன்று வெடித்தபோது சாம்பல் தூண் 35 கிலோமீற்றர் உயரம் போனது. அப்படி எழும் தூண் காற்றைவிடப் பாரமாகிவிட்டால் தன் மேலேயே சரிந்து, மலைச்சரிவில் மணிக்கு நூறு கிலோமீற்றருக்கும் கூடிய வேகத்தில் இறங்கும். பல நூறு பாகைச் சூடு. சிவப்புக் குழம்பிலிருந்து நடந்தே தப்பலாம். இந்தச் சாம்பல் பாய்ச்சலிலிருந்து வாகனத்திலும் தப்ப முடியாது.

கேள்வி: பாடசாலைக் கண்காட்சிக்கு அப்பச்சோடாவும் வினாகிரியும் கலந்து எரிமலை செய்தோம். கொஞ்சம் நுரைத்துவிட்டு நின்றுவிட்டது, சோடா அடியில் மிஞ்சிக் கிடந்தது. எங்கே பிழை?
– விஞ்ஞான மன்ற மாணவர்கள், வாழைச்சேனை

பதில்: வினாகிரி போதவில்லை. எல்லோரும் செய்யும் பிழை இது. ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா ஏறத்தாழ 15 கிராம். கடையில் விற்கும் 5 வீத வினாகிரியில் 200 மில்லிலீற்றருக்குச் சற்று மேல் ஊற்றினால்தான் அது முழுவதும் தாக்கமடையும். நீங்கள் அரைக் கோப்பை ஊற்றியிருப்பீர்கள், பாதிச் சோடா சும்மா கிடந்திருக்கும். முழுதாகத் தாக்கமடைந்தால் நாலு லீற்றருக்கு மேல் காபனீரொட்சைட்டு வரும், ஒரு சின்ன மலைக்கு அது தாராளம்.

300 மில்லிலீற்றர் கொள்ளும், கழுத்து ஒடுங்கிய போத்தலைத் தட்டின் நடுவே வைத்து, சுற்றிக் களிமண்ணால் மலை கட்டுங்கள். வாய் விரிந்த பாத்திரம் வேண்டாம், அதில் நுரை உயராது. முதலில் வினாகிரி 200 மில்லிலீற்றருக்குச் சற்று மேல், பாத்திரம் கழுவும் திரவம் அரைத் தேக்கரண்டி, சிவப்பு நிறம் சில துளி. சோடாவை மெல்லிய ரிசுப் பேப்பரில் போத்தல் வாய்க்குள் போகும் தடிப்பில் சுருட்டி, கடைசியில் உள்ளே போட்டுவிட்டுக் கையை எடுங்கள். பேப்பர் நனைந்து பிரியச் சில விநாடி எடுக்கும், அதற்குள் நீங்கள் விலகிவிடலாம். சோடாவை முதலில் போட்டு மேலே வினாகிரி ஊற்றினால் அடியில் கட்டிபட்டுவிடும்.

ஆனால் நடுவர் கேட்டால் ஒன்றைச் சொல்லுங்கள். இங்கே வாயு வருவது அமிலமும் சோடாவும் சேர்ந்த தாக்கத்தால். எரிமலையில் அப்படியொரு தாக்கம் நடப்பதில்லை, முன்பே கரைந்திருந்த வாயு அழுத்தம் குறைந்ததால் பிரிகிறது. அதைக் காட்ட வேண்டுமென்றால் மலைக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு பொருளை வையுங்கள். ஒன்று, திறக்காத சோடாப் போத்தல். பார்வையாளர் முன் திறக்க வேண்டும். மற்றது இரண்டு கண்ணாடிக் குவளைகள், ஒன்றில் தண்ணீர், மற்றதில் பாணி. இரண்டிலும் உறிஞ்சுகுழாயால் ஒரே அளவு ஊதச் சொல்லுங்கள். தண்ணீரில் குமிழி உடனே உடையும், பாணியில் வீங்கி நின்று தெறிக்கும். எங்களைக் கேட்டால் களிமண் மலையைவிட இந்த இரண்டு குவளையும்தான் பாடத்தைச் சொல்லிக் கொடுக்கும்.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை: செம்மஞ்சள் நிற அமோனியம் இருகுரோமேற்றுத் தூளைக் கொளுத்தி ‘எரிமலை’ காட்டும் பழைய வழக்கம் சில ஆய்வுகூடங்களில் இருக்கிறது. பார்க்க அழகு. ஆனால் அந்தத் தூள் புற்றுநோய் உண்டாக்கும் குரோமியச் சேர்மம், கொளுத்தும்போது மூச்சுக்குள் போகும். வகுப்பறையில் அதைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: குடும்பிமலை ஒரு காலத்தில் எரிமலையாக இருந்ததா? மகா ஓயாவில் வெந்நீர் வருகிறதே, அடியில் எரிமலை உறங்குகிறதா?
– வாசகர், கிரான்

பதில்: இரண்டுக்கும் இல்லை என்பதுதான் பதில்.

குடும்பிமலைப் பாறையில் கைவைத்துப் பாருங்கள். வெளிறிய வரியும் கறுத்த வரியும் மாறி மாறி ஓடும், படிகங்கள் கண்ணுக்குத் தெரியும் அளவில் மினுங்கும். இது நைஸ் பாறை. பூமிக்குள் பல கிலோமீற்றர் ஆழத்தில், சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறியது. எரிமலைக் கல்லென்றால் வேகமாக ஆறியிருக்கும். படிகம் நுண்ணியதாக இருக்கும், பெரும்பாலும் குமிழித் துளைகளும் இருக்கும். கிழக்கின் பெரும்பகுதி விஜயன் தொகுதி எனப்படும் இந்தப் பழம்பாறை, வயது ஏறத்தாழ 100 கோடி ஆண்டு. சுற்றியிருந்த மென்பாறை மழையிலும் வெயிலிலும் உக்கிக் கழுவுண்டு போக, உறுதியான பகுதி மட்டும் குடுமியாக மிஞ்சி நிற்கிறது. கீழிருந்து வெடித்து எழுந்ததல்ல அது, சுற்றியிருந்தது கரைந்ததால் வெளிப்பட்டது.

இலங்கையின் கிழக்கில் டொலரைற்று என்ற கறுத்த கல் ஒடுங்கிய சுவர்போல நைசை ஊடறுத்து நிற்கும் இடங்கள் உண்டு. அவை ஒருகாலத்தில் வெடிப்புகளில் புகுந்து உறைந்த பாறைக்குழம்பு. மிகப் பழைய கதை அது, இன்று அங்கே சூடு எதுவும் இல்லை.

மகா ஓயா வெந்நீருக்கு எரிமலை தேவையில்லை. பூமிக்குள் ஒரு கிலோமீற்றர் இறங்கினால் சாதாரணமாக 25 முதல் 30 பாகை சூடு ஏறும். மழைநீர் வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கிச் சூடாகி, இன்னொரு வெடிப்பு வழியே விரைவாக மேலே வருகிறது. அங்குள்ள கிணறுகளில் சூடான நீர் 50 பாகையைத் தாண்டும். நம் பகுதியில் நிலமட்ட நீர் 28 பாகை அளவில் இருப்பதால், அது ஒரு கிலோமீற்றராவது கீழே போய் வந்திருக்க வேண்டும். வரும் வழியில் ஆறுவதையும் சேர்த்தால் இன்னும் ஆழம். நாட்டின் வெந்நீர் ஊற்றுகள் பெரும்பாலும் உயர்நிலத் தொகுதியும் விஜயன் தொகுதியும் சந்திக்கும் எல்லைக்கோட்டை அண்டியே இருக்கின்றன, வெடிப்புகள் அதிகமுள்ள இடம் அது. திருகோணமலைக் கன்னியாவும் எரிமலையோடு தொடர்பில்லாத ஊற்றுத்தான்.

இலங்கை தட்டின் உட்புறத்தில் இருக்கிறது, ஓரத்தில் அல்ல. உயிர்ப்புள்ள எரிமலைகளில் நமக்குக் கிட்ட இருப்பது அந்தமான் கடலிலுள்ள பாரன் தீவு. மட்டக்களப்பிலிருந்து அதற்கு ஏறத்தாழ 1400 கிலோமீற்றர்.

கேள்வி: அப்படியானால் எரிமலையால் நமக்கு எந்தப் பயமும் இல்லையா?
– கடற்றொழிலாளர், பொத்துவில்

பதில்: குழம்பும் சாம்பலும் வராது. ஆனால் கடல் வரும். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே அது நடந்திருக்கிறது.

1883 ஆகஸ்ட் 27 காலை, சுமத்திராவுக்கும் ஜாவாவுக்கும் இடையிலுள்ள கிரக்கற்றாவுத் தீவு வெடித்து, அதன் மூன்றில் இரண்டு பங்கு கடலுக்குள் அமிழ்ந்தது. சத்தம் 4800 கிலோமீற்றர் தள்ளியிருந்த ரொட்ரிகஸ் தீவில் பீரங்கி வெடிப்பதுபோலக் கேட்டது. அருகிலிருந்த கரைகளில் 30 மீற்றருக்கு மேல் எழுந்த அலைகளே பெரும் அழிவைச் செய்தன. 36,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்று இலங்கையின் பல துறைகளில் கடல் திடீரெனப் பின்வாங்கித் திரும்ப ஏறியது. பாணமைப் பக்கம் அலையில் அள்ளுண்ட ஒரு பெண் இறந்ததாக அக்காலப் பதிவுகள் சொல்கின்றன. அவ்வளவு தூரத்தில் அந்த வெடிப்பு எடுத்த உயிர் நம் அம்பாறைக் கரையில்தான்.

ஆழ்கடலில் இப்படியான அலையின் வேகத்தை ஆழம்தான் தீர்மானிக்கிறது. 4000 மீற்றர் ஆழத்தில் அது மணிக்கு 700 கிலோமீற்றரைத் தாண்டும். கிரக்கற்றாவிலிருந்து பாணமைக்கு ஏறத்தாழ 3000 கிலோமீற்றர், அதாவது நான்கு மணித்தியாலத்துக்குச் சற்று மேல். 2004 டிசம்பர் 26 அலைக்குக் காரணம் எரிமலையல்ல, சுமத்திராவுக்கு அருகே கடலடி நிலநடுக்கம். அது கிட்ட நடந்ததால் இரண்டு மணித்தியாலத்துக்குள் வந்து சேர்ந்தது.

வெடித்த கிரக்கற்றாவின் இடத்தில் 1927-இல் புதிய கூம்பு ஒன்று கடலுக்கு மேல் தலைகாட்டியது. அனாக் கிரக்கற்றாவு, அதாவது கிரக்கற்றாவின் பிள்ளை. 2018 டிசம்பர் 22 இரவு அதன் ஒரு பக்கம் கடலுக்குள் சரிந்து எழுப்பிய அலையில் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரிய நிலநடுக்கம் எதுவும் முன்னால் வரவில்லை, அதனால் நிலநடுக்கத்தை நம்பியிருந்த எச்சரிக்கை முறை ஊமையாக இருந்தது. நம் கரை வரை அந்த அலை பாதிப்பாக வரவில்லை. ஆனாலும் வளிமண்டலவியல் திணைக்களத்தின் எச்சரிக்கைக்கு மட்டும் காத்திருக்காதீர்கள். வற்றுக்கு மீறிக் கடல் உள்வாங்கி அடித்தரை தெரிந்தால், வலையையும் தோணியையும் விட்டுவிட்டு உயரத்துக்குப் போங்கள். ஒரு அலையோடு முடிந்துவிட்டது என்று திரும்பியும் வராதீர்கள். அடுத்தது முதலாவதைவிடப் பெரிதாக இருக்கலாம்.

இன்னொரு தகவல்: கிரக்கற்றாவு வெடித்த 1883 செப்டெம்பரில் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் சூரியன் பச்சையாகத் தெரிந்தது. உயரே பரவிய நுண்துகள்கள் ஒளியைச் சிதறவிட்டதால் வந்த நிறம்.

கேள்வி: கல்லடிக் கடற்கரையில் தண்ணீரில் மிதக்கும் சாம்பல் நிறக் கல் ஒன்று கிடைத்தது. எரிமலைக் கல் என்கிறார்கள். உண்மையா?
– இல்லத்தரசி, மட்டக்களப்பு

பதில்: இருக்கலாம். நுரைக்கல் என்பது, முன்பு சொன்ன நுரை கிழியாமல் அப்படியே உறைந்தது. கனவளவில் பெரும்பகுதி வெற்றுக் குமிழி, அதனால் மிதக்கும். கிரக்கற்றாவின் நுரைக்கற்கள் ஆபிரிக்காவின் கிழக்குக் கரை வரை மிதந்து போயின. மிதந்ததால் மட்டும் முடிவு கட்டவேண்டாம். கணவாய் ஓடும் மிதக்கும், றெஜிபோமும் மிதக்கும்.

கல்லின் ஒரு மூலையில் வினாகிரி விடுங்கள். நுரைத்தால் அது முருகைக்கல் அல்லது கணவாய் ஓடு, இரண்டும் சுண்ணாம்பு. நுரைக்கல் நுரைக்காது. பிறகு பழைய கண்ணாடித் துண்டில் அழுத்தித் தேயுங்கள். நுரைக்கல் கீறல் போடும், ஏனென்றால் அதுவும் கண்ணாடிதான். முருகைக்கல் கீறாது. உடைத்துப் பார்த்தால் துளைகள் உள்ளேயும் ஒரே சீராக இருக்கும். பாரமாகவும் துளையுள்ளதாகவும் இருந்து, காந்தம் பிடித்தால் அது உலைக்கழிவு. குதிகால் தேய்க்க நல்ல பொருள்தான், காய்ந்த தோலில் தேய்க்காமல் ஊறவிட்டுத் தேயுங்கள்.

கேள்வி: உம்றாவுக்குப் போனபோது மதீனாவைச் சுற்றிக் கரிய கற்கள் பரந்து கிடப்பதைக் கண்டேன். அங்கேயும் எரிமலையா?
– வாசகர், காத்தான்குடி

பதில்: ஆம். அரபியில் ‘ஹர்ரா’ என்பது அந்தக் கற்பரப்பைத்தான். செங்கடல் விரிந்த பிரதேசத்தை அண்டி மேற்கு அரேபியா முழுவதும் பசோல்ற்றுக் குழம்பு பல தடவை வழிந்திருக்கிறது. மதீனாவுக்கு அருகே 1256-இல் தொடங்கிய வெடிப்பு 52 நாட்கள் நீடித்து, 23 கிலோமீற்றர் நீளக் குழம்பை நகரை நோக்கி அனுப்பியது. நகருக்குச் சில கிலோமீற்றர் தூரத்தில் அது நின்றுவிட்டது.

அதே பிரதேசத்தில் 2009-இல் ஹர்ரத் லுனையிர் என்ற இடத்தில் ஆயிரக்கணக்கான சிறு நிலநடுக்கங்கள் தொடர்ந்தன. நிலம் 8 கிலோமீற்றர் நீளத்துக்குப் பிளந்தது, 30,000-க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டார்கள். ஆனால் குழம்பு வெளியே வரவே இல்லை, நிலத்துக்கடியிலேயே சுவர்போலப் புகுந்து உறைந்துவிட்டது. எரிமலையை முன்கூட்டிச் சொல்வதன் கஷ்டம் இதில் தெரியும். சிறு நடுக்கங்கள் கூட்டமாக வருவது, நிலம் சில சென்ரிமீற்றர் வீங்குவது, கந்தகவீரொட்சைட்டு அதிகரிப்பது ஆகிய மூன்றையும் கருவிகள் பிடிக்கும். குழம்பு நகர்கிறது என்பதை அவை சொல்லும். அது வெளியே வருமா என்பதை உறுதியாகச் சொல்லா.

ஆனாலும் வெளியேற்றுவதுதான் சரி. பினதுபோவில் அறிகுறிகளை நம்பி வெளியேற்றியதால் ஆயிரக்கணக்கானோர் தப்பினார்கள். கொலம்பியாவில் 1985 நவம்பர் 13 அன்று நெவாடோ டெல் ரூயிஸ் வெடித்தது, அளவில் சிறிய வெடிப்பு. உச்சியிலிருந்த பனி உருகி ஆறுகளில் சேறாக இறங்கியது. அபாய வரைபடம் தயாராக இருந்தும் ஆர்மெரோ நகரை யாரும் காலி செய்யவில்லை. ஏறத்தாழ 23,000 பேர் இறந்தார்கள்.

கேள்வி: தம்பி இத்தாலியில் கத்தானியாவில் வேலை செய்கிறார். எட்னா மலையிலிருந்து சில நாட்கள் கறுப்புச் சாம்பல் விழுகிறதாம். என்ன கவனம் எடுக்க வேண்டும்?
– வாசகி, திருக்கோவில்

பதில்: முதலில் தம்பியிடம் சொல்லுங்கள்: அது அடுப்புச் சாம்பலைப் போன்றதல்ல. நொறுங்கிய கல்லும் கண்ணாடியும். தண்ணீரில் கரையாது, தேய்த்தால் கீறும்.

விழும்போது யன்னலை மூடி, கதவிடுக்கில் ஈரத்துணி வைத்து உள்ளே இருப்பது நல்லது. வெளியே போவதென்றால் முகத்தோடு நெருங்கிப் பொருந்தும் என்95 கவசம், கண்ணுக்கு மூடிய கண்ணாடி. கண்ணுக்குள் வைக்கும் வில்லை வேண்டாம், துகள் அதனடியில் புகுந்து கருவிழியைக் கீறிவிடும். மோட்டார் சைக்கிளை அன்று தொடவேண்டாம். வீதியில் மெல்லிய சாம்பல் குண்டுமணி கொட்டியதுபோல வழுக்கும். காரின் கண்ணாடியில் உலர்ந்த சாம்பல் இருக்கும்போது வைப்பரைப் போட்டால் கண்ணாடி முழுக்கக் கோடு விழும், நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

சுத்தம் செய்யும்போது இலேசாகத் தண்ணீர் தெளித்து, தூசி பறக்காத அளவுக்கு மட்டும் நனைத்துக் கூட்டிப் பையில் கட்ட வேண்டும். குழாய்த் தண்ணீரால் வடிகாலுக்குள் அடித்தால் அடியில் சீமெந்துபோல இறுகிவிடும். கூரையில் ஒரு சென்ரிமீற்றர் உலர்ந்த சாம்பல் ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 10 கிலோ, மழையில் நனைந்தால் அது 20 கிலோ வரை போகும். பினதுபோ வெடித்த அன்று சூறாவளி மழையும் சேர்ந்ததால்தான் அவ்வளவு கூரைகள் இடிந்து ஆட்களைக் கொன்றன. கத்தானியாவில் வழக்கமாக விழுவது மெல்லிய படைதான், கூரை இடியும் பயம் குறைவு. ஏணியிலிருந்து வழுக்கி விழுவதுதான் அங்கே கூடிய ஆபத்து. கூரைக்குத் தனியாக ஏறவேண்டாம் என்று கட்டாயம் சொல்லுங்கள்.

கேள்வி: ஜாவாவில் எரிமலைச் சாம்பலால்தான் நெல் நன்றாக விளைகிறதாமே, அதை வாங்கி நம் வயலுக்குப் போடலாமா?
– விவசாயி, சம்மாந்துறை

பதில்: வேண்டாம். புதிய சாம்பலில் நைதரசன் இல்லை, பல சென்ரிமீற்றர் விழுந்தால் நாற்றையே மூடிக் கொல்லும். மழையும் சூடும் சேர்ந்து பல பத்தாண்டுகள் உக்கிய பிறகுதான் அது நீர் பிடிக்கும் நல்ல மண்ணாகிறது. அப்போதும் பொசுபரசை இறுகப் பிடித்துக்கொண்டு பயிருக்குக் கொடுக்காத குணம் அதற்கு உண்டு. கல்லோயா கொண்டுவந்து சேர்த்த வண்டல் உங்களிடம் இருக்கிறது. வைக்கோலை எரிக்காமல் வயலிலேயே உக்கவிடுங்கள், அது கூடப் பலன் தரும்.

கேள்வி: ஓடி வரும் எரிமலைக் குழம்பைத் தண்ணீர் அடித்து நிறுத்த முடியுமா?
– வாசகர், வாழைச்சேனைத் துறைமுகப் பகுதி

பதில்: ஒரு துறைமுகத்தில் செய்து காட்டியிருக்கிறார்கள். ஐஸ்லாந்தின் ஹெய்மேய் தீவில் 1973 ஜனவரி 23 அதிகாலை, ஊரின் ஓரத்திலேயே நிலம் பிளந்து குழம்பு வந்தது. முதல்நாள் கடல் கொந்தளிப்பால் மீன்பிடிப் படகுகள் எல்லாம் துறைமுகத்தில் நின்றதால், ஊரின் 5000-க்கும் மேற்பட்ட மக்களை அன்றிரவே கரையேற்ற முடிந்தது. பிறகு குழம்பு துறைமுக வாயை அடைக்கத் தொடங்கியது. கடல்நீரைப் பம்புகளால் இறைத்து அதன் முன்விளிம்பில் மாதக்கணக்கில் அடித்தார்கள், மொத்தம் 60 இலட்சம் கன மீற்றர் அளவில். குழம்பை அணைப்பதல்ல நோக்கம். முன்விளிம்பை உறையவைத்து அணையாக்கி, பின்னால் வருவதைத் தேக்கித் திசை திருப்புவதுதான். பசோல்ற்று மெல்ல நகர்ந்ததாலும், பக்கத்திலேயே முடிவில்லாத குளிர்ந்த கடல்நீர் இருந்ததாலும் அது சாத்தியமானது. நானூறு வீடுகளளவில் அழிந்தன, துறைமுகம் தப்பியது. புதிதாக உறைந்த பாறை வாயை ஒடுக்கியதால் அலைக்கு முன்னையைவிட நல்ல மறைவு கிடைத்தது. உள்ளே ஆறாமல் கிடந்த குழம்பின் சூட்டைக் குழாய்களில் எடுத்து, அதன்பின் பல ஆண்டுகள் ஊர் வீடுகளைச் சூடாக்கினார்கள்.